முகமூடிக்கு முன்: டாம் ஹாலண்டின் முதல் பத்தாண்டு

[திரையில்: லண்டன் விக்டோரியா பேலஸ் அரங்கின் முகப்பு, மாலை வெளிச்சம்]

லண்டனின் விக்டோரியா பேலஸ் அரங்கில் 'பில்லி எலியட்' இசை நாடகம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், அதன் தலைமை வேடத்தை ஒரே சிறுவன் எல்லா மாலைகளிலும் ஏற்றதில்லை. சிறுவர்கள் சிலர் முறைவைத்து ஏற்றார்கள். பள்ளிப் பருவத்தைக் கடக்காத பிள்ளை ஒன்று அங்கே மேடையேற வேண்டுமானால் உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் பெற்றாக வேண்டும். எவ்வளவு நேரம் வேலை வாங்கலாம், எவ்வளவு ஓய்வு தர வேண்டும், பெற்றோர் உடன் இல்லாதபோது யார் பொறுப்பு என்பதையெல்லாம் சட்டமே வரையறுக்கிறது. அதற்கும் மேலாக, ஏறக்குறைய மூன்று மணி நேரம் நீளும் அந்த நாடகத்தில் பில்லியாக வருபவன் பாலேயும், காலணித் தட்டொலியால் தாளமிடும் டாப் நடனமும் ஆட வேண்டும், பாட வேண்டும், குட்டிக்கரணம் அடிக்க வேண்டும், கூடவே வடகிழக்கு இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளர் வீட்டுப் பேச்சு வழக்கையும் பிசகாமல் பேச வேண்டும். 2008 முதல் 2010 வரை அந்த வேடத்தைப் பகிர்ந்துகொண்ட சிறுவர்களுள் ஒருவர்தான் டாம் ஹாலண்ட்.

இன்று உலகம் அவரை ஸ்பைடர்-மேனாக அறியும். 2015-ஆம் ஆண்டில் அவருடைய பெயர் அறிவிக்கப்பட்டபோது, யாரென்றே தெரியாத ஒரு பையன் ஒரே இரவில் நட்சத்திரமாகிவிட்டான் என்று எழுதினார்கள். இன்றும் சிலர் அப்படியே எழுதுகிறார்கள். அந்தக் கணக்கு சரியல்ல என்பதைக் காட்டுவதற்காகவே, முகமூடிக்கு முந்தைய அவருடைய ஆண்டுகளை இந்த வீடியோவில் எடுத்துக்கொள்கிறோம்.

[திரையில்: வரைபடம், தென்மேற்கு லண்டன்]

டாம் ஹாலண்ட் 1996 ஜூன் 1 அன்று லண்டனின் கிங்ஸ்டன் அபான் தேம்ஸ் பகுதியில் பிறந்தார். நான்கு சகோதரர்களில் மூத்தவர். அடுத்துப் பிறந்த இருவர் இரட்டையர். தாய் நிக்கோலா ஒளிப்படக் கலைஞர். தந்தை டொமினிக் ஹாலண்ட், 1993-இல் எடின்பரோ விழாவில் சிறந்த புதுமுகத்துக்கான விருது பெற்ற மேடை நகைச்சுவையாளர். பெரும் புகழ் தமக்கு வரும் வரும் என்று காத்திருக்கையில் அது தம்மைத் தாண்டி மகனிடம் போய்ச் சேர்ந்த கதையைத் தந்தை பின்னாளில் தம்மையே கேலி செய்துகொண்டு ஒரு நூலாகவும் எழுதினார். ஏழு வயதில் டாமுக்கு வாசிப்பிலும் எழுத்திலும் இடர் தரும் டிஸ்லெக்சியா இருப்பது கண்டறியப்பட்டது. கலைச் சூழலில் வளர்ந்த வீடு என்பது உண்மைதான். ஆனால் திரைத்துறையின் கதவைத் தட்டித் திறந்துவிடக்கூடிய குடும்பம் என்று அதைச் சொல்ல இயலாது.

கதவைத் திறந்தது நடனம். விம்பிள்டனில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்காக நடந்த நடன வகுப்பு ஒன்றில் சேர்ந்திருந்த டாம், 2006-இல் ரிச்மண்ட் நடன விழாவில் தன் குழுவோடு ஆடினார். அதைப் பார்த்தவர்களுள் ஒருவரான லின் பேஜ், 'பில்லி எலியட்' நாடகத்தின் நடன அமைப்பாளரான பீட்டர் டார்லிங்குடன் பணியாற்றியவர். அவர் கண்ணில் பட்டதால் தேர்வுக்கு அழைப்பு வந்தது. வந்ததும் வேடம் கிடைத்துவிடவில்லை. பாலே, டாப், ஜிம்னாஸ்டிக்ஸ் என்று இரண்டு ஆண்டுகள் பயிற்சி தொடர்ந்தது. பாலே பழகும் பையன் என்பதற்காகப் பள்ளியில் சக மாணவர்களின் கேலிக்கு ஆளானதைப் பற்றி அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். குத்துச்சண்டைக்கு அனுப்பப்பட்ட மகன் பாலே வகுப்பில் போய் நிற்கிறான் என்பதுதான் பில்லியின் கதையும் என்பதால், அந்தக் கேலி அவருக்கு வேடத்தின் ஒரு பகுதியையே கற்றுக்கொடுத்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. 2008 ஜூனில் பில்லியின் நண்பன் மைக்கேலாக முதலில் மேடையேறினார். செப்டம்பரில் பில்லி ஆனார்.

[திரையில்: இருண்ட மேடை, ஒற்றை ஒளிவட்டம்]

அந்த நாடகத்தில் ஒரு காட்சியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சிறுவன் பில்லி, வளர்ந்தபின் தான் ஆகப்போகும் நடனக் கலைஞனோடு 'ஸ்வான் லேக்' இசைக்குச் சேர்ந்து ஆடுகிறான். ஆட்டத்தின் நடுவில் அவனுடைய இடுப்பில் கம்பி கொக்கியிடப்படுகிறது. அடுத்த கணம் அவன் மேடைக்கு மேலே பறக்கத் தொடங்குகிறான். இடுப்பைக் கம்பி இழுக்கும்போது முதுகு வளையாமலிருக்க வேண்டும், கைவிரல் வரைக்கும் நடனம் கலையாமலிருக்க வேண்டும், இவ்வளவுக்கும் நடுவே முகத்தில் ஒரு சிறுவனின் கனவு தெரிய வேண்டும். பன்னிரண்டு வயதில் இதை மீண்டும் மீண்டும் செய்து பழகியவருக்கு, பின்னாளில் நியூயார்க் கட்டடங்களுக்கிடையே வலைபற்றித் தாவுகிறவனாக நடிப்பது முற்றிலும் அந்நியமான வேலையாக இருந்திருக்காது. 2010 மே மாத இறுதியில் அவர் அந்த வேடத்திலிருந்து விடைபெற்றார். குரோய்டனில் அரசு நிதியில் கட்டணமின்றி இயங்கும் பிரிட் கலைப் பள்ளியிலும் பயின்றார்.

அதே 2010-இல் முதல் திரைப்பட வாய்ப்பு வந்து சேர்ந்தது. ஸ்பானிய இயக்குநர் ஹுவான் அந்தோனியோ பயோனாவின் 'தி இம்பாசிபிள்', 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தாய்லாந்தின் காவோ லாக் கடற்கரையில் சிக்கி உயிர்பிழைத்த மரியா பெலோன் என்ற ஸ்பானியப் பெண்மணியின் குடும்பத்தைப் பற்றியது. நாகப்பட்டினத்திலும் முல்லைத்தீவிலும் அதே நாளில் அதே அலையை எதிர்கொண்டவர்களுக்கும் அவர்களுடைய உறவினருக்கும் இந்தப் படம் வெறும் விறுவிறுப்பாகக் கடந்துவிடக்கூடியதல்ல. வெளிநாட்டுப் பயணிகளின் துயரத்தை முன்னிறுத்தி, உள்ளூர் மக்களின் இழப்பைப் பின்னணியாக்கிவிட்டது என்ற விமரிசனம் அதன் மீது எழுந்தது. அது நியாயமான விமரிசனம் என்றே இந்த வீடியோ கருதுகிறது. எனினும், மூத்த மகன் லூக்காஸாக வந்த பதினான்கு வயதுச் சிறுவனின் நடிப்பைப் பற்றி எவரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

[திரையில்: சேற்று வெள்ளம், மிதக்கும் மரக்கிளைகள்]

வெள்ளக் காட்சிகளை ஸ்பெயினில் ஒரு மாபெரும் நீர்த்தொட்டிக்குள் எடுத்தார்கள். தாயாக நடித்த நவோமி வாட்ஸும் டாமும் வாரக்கணக்கில் அந்த ஓடும் நீருக்குள்ளேயே இருந்தார்கள். நீரில் தத்தளிப்பதை உடல்வலுவால் செய்துவிடலாம். கடினமானது அதற்குப் பிறகு வருகிறது. கரையேறியபின் தாயின் கிழிந்த உடலைக் காண நேரும்போது லூக்காஸ் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அச்சமும் கூச்சமும், இனித் தாயை நான்தான் தாங்க வேண்டும் என்ற திடீர் முதிர்ச்சியும் ஒன்றன் மேல் ஒன்றாக அந்த முகத்தில் வந்து போகின்றன. மருத்துவமனையில், காணாமற்போனவர்களின் பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, கட்டில் கட்டிலாகக் கூவிக்கொண்டே ஓடும் காட்சியும் அவ்வாறே. தந்தை ஒருவரையும் மகனையும் அவன் சேர்த்துவைக்கிறான், அவர்கள் தழுவிக்கொள்வதைத் தள்ளிநின்று பார்க்கும்போது அழுகைக்குப் பதிலாகப் புன்னகை வருகிறது. நவோமி வாட்ஸுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. டாமுக்கு அமெரிக்காவின் நேஷனல் போர்ட் ஆஃப் ரிவ்யூ அமைப்பு 2012-இன் புதுமுக நடிகர் விருதை அளித்தது.

இதன்பின் வாய்ப்புகள் குவிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். குவியவில்லை. 'ஹவ் ஐ லிவ் நவ்' படத்தில் துணை வேடம், 'லாக்' படத்தில் தொலைபேசியில் ஒலிக்கும் குரல் மட்டும், இடையிடையே தேர்வுகளில் தோல்வி. நடிப்பு கைகொடுக்காவிட்டால் பிழைக்க வழி வேண்டும் என்று கருதிய தாய், மகனைத் தச்சுவேலை பயிலக் கார்டிஃப் நகருக்கு அனுப்பிவைத்தார். 2015-இல் பிபிசியின் 'உல்ஃப் ஹால்' தொடரில் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லின் மகன் கிரெகரியாக நடித்தார். மார்க் ரைலன்ஸ் என்னும் பெரும் நடிகருக்கு எதிரே, குறைவாகப் பேசி நிறையக் கவனிக்கும் பாத்திரம் அது. ரான் ஹவர்டின் 'இன் தி ஹார்ட் ஆஃப் தி ஸீ' படத்தில், 1820-இல் திமிங்கிலம் மோதி மூழ்கிய எசெக்ஸ் கப்பலின் எடுபிடிச் சிறுவனானார். பசியால் வாடும் தோற்றத்துக்காக உணவைக் கடுமையாகக் குறைத்துக்கொண்டார். படம் வசூலில் தோற்றது.

2015-இன் தொடக்கத்தில், ஸ்பைடர்-மேனின் திரையுரிமையை வைத்திருந்த சோனி நிறுவனமும் அந்தக் கதாபாத்திரத்தின் தாய்வீடான மார்வெலும் அவனைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டிருந்தன. முந்தைய இரு ஸ்பைடர்-மேன்களும் முதற்படம் வெளிவந்தபோது இருபத்தைந்து வயதைக் கடந்தவர்கள். இம்முறை உண்மையிலேயே பள்ளி மாணவனாகத் தோன்றும் ஒருவரைத் தேடினார்கள். பல மாதங்கள் தன்னைத் தானே படம்பிடித்து அனுப்பிய டாம், குட்டிக்கரணம் அடிக்கும் காணொளிகளையும் இணையத்தில் இட்டுவந்தார். அட்லாண்டாவில் நடந்த இறுதித் திரைத்தேர்வுக்கு ஆறு இளைஞர்கள் அழைக்கப்பட்டார்கள். ஏசா பட்டர்ஃபீல்டு, சார்லி ரோ ஆகிய வேறு இரு பிரித்தானியர்களும் அவர்களுள் இருந்தனர். 2015 ஜூன் 23 அன்று முடிவு வெளியானது. தேர்வானவருக்கே அந்தச் செய்தி மார்வெலின் இன்ஸ்டாகிராம் பதிவைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது.

[திரையில்: இடிபாடுகளின் நிழலுரு]

2017-இல் வந்த 'ஸ்பைடர்-மேன்: ஹோம்கமிங்' படத்தில் பலரும் வியப்பது தாவல்களை. எமது கணிப்பில் அந்தப் படத்தின் உயிர் வேறோரிடத்தில் இருக்கிறது: இடிந்த கான்கிரீட்டுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் பீட்டர் (முகமூடிக்குள் இருக்கும் ஸ்பைடர்-மேனின் இயற்பெயர்), யாராவது வாருங்கள் என்று கதறுகிறான், எவரும் வரப்போவதில்லை என்பது உறைத்ததும் தனக்குத் தானே உத்தரவிட்டுக்கொண்டு எழுகிறான். அங்கே கேட்பது வீரனின் முழக்கமல்ல, மூச்சுத் திணறும் பதினைந்து வயதுப் பையனின் குரல். நீர்த்தொட்டிக்குள் லூக்காஸாகக் கதறியவர் கண்டெடுத்த குரல் அது. அதே ஆண்டு, பிரித்தானியத் திரைக்கலை அமைப்பான பாஃப்டா, பொதுமக்களின் வாக்கைக் கொண்டு வழங்கும் வளரும் நட்சத்திர விருதும் அவருக்குக் கிடைத்தது.

'உல்ஃப் ஹால்' தொடரின் இரண்டாம் பகுதி 2024-இல்தான் வந்தது. அதில் கிரெகரியாக டாம் ஹாலண்ட் இல்லை. அவர் விட்டுச்சென்ற வேடத்தை ஏற்றவர், அட்லாண்டா திரைத்தேர்வில் அவரோடு போட்டியிட்ட அதே சார்லி ரோ.