சிறு நீர்மூழ்கிக்கு ஒரு நீர்த்தாரை

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக் கொட்டகையில் சிறு நீர்மூழ்கி கட்டத் துணிகிறவர்கள், உந்துசுழலியில் (ப்ரொப்பெல்லரில்) பாசியும் அறுந்த வலையும் சுற்றிக்கொள்ளும் தொல்லைக்கு அஞ்சி, கலத்தைத் தள்ள பம்பு பீய்ச்சும் நீர்த்தாரையை நாடுவதுண்டு. அவர்களில் பலர் முதல் வரைபடத்திலேயே தவறிவிடுகிறார்கள், நானும் தவறியவன்தான்.

வாசல் தெளிக்கும் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறிப் பாய்கிறதல்லவா? அந்தச் சீற்றத்தையே உந்துவிசை என்று எண்ணி, நீர் வெளியேறும் முனையான நாசிலைக் குறுக்கிவிடுகிறோம். உண்மையில், விநாடிக்கு வெளியேறும் நீரின் நிறையையும் அதற்கு நாம் கூட்டிய வேகத்தையும் பெருக்கினால் வருவதே உந்துவிசை. ஒவ்வொரு கிலோ நீருக்கும் செலவாகும் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுகிறது. கலம் நின்றிருக்கையில் 10 கிலோ எடைக்கு நிகரான, அதாவது 100 நியூட்டன் விசை வேண்டும் என்று கொள்வோம். 2 செ.மீ. விட்டமுள்ள நாசில் வழியே அதைப் பெற, நீர் விநாடிக்குச் சுமார் 18 மீட்டர் வேகத்தில் பாய வேண்டும். தாரைக்கு மட்டுமே ஏறத்தாழ 890 வாட் போய்விடும். விட்டத்தை 10 செ.மீ. ஆக்கினாலோ 3.6 மீட்டர் வேகமும் 180 வாட்டும் போதும். பம்பிலும் குழாய் வளைவுகளிலும் இழப்பது இதற்கு மேல்.

படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் 12 வோல்ட் பம்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். அட்டையில் அச்சிட்டபடி அது மணிக்கு 4,000 லிட்டர் இறைத்தாலும், 3 செ.மீ. குழாய் வழியே ஏறத்தாழ 180 கிராம் எடையளவுக்குத்தான் தள்ளும். ஒரு கொய்யாப்பழத்தின் கனம், அவ்வளவே.

அப்படியானால் தாரை வீணா? 1959இல் பிரான்சில் கடலாய்வாளர் ழாக் கூஸ்தோவின் குழு உருவாக்கிய தட்டு வடிவ நீர்மூழ்கியில், இருவர் குப்புறப் படுத்தபடி பயணம் செய்தார்கள். மின்மோட்டார் பம்பை இயக்க, பக்கத்துக்கு ஒன்றாக இருந்த இரு திருப்பக்கூடிய முனைகள் நீரைப் பீய்ச்சின. நடந்து போகிறவர் முந்திவிடும் வேகம்தான். ஆனால் அந்த மெதுவேகத்தில் சுக்கான் பிடிப்பதில்லை; முனையைத் திருப்பினாலோ கலம் நின்ற இடத்திலேயே திரும்பும். தாரையைத் தேர்வதற்கு என் கணக்கில் வலுவான காரணம் இதுதான், பாசி அன்று. பாசி உறிஞ்சுவாயின் வலையையும் அடைக்கும். அதனால் அந்த வலையை நாசிலைவிடப் பல மடங்கு அகலமாக வைக்க வேண்டும்.

பம்பைக் கலத்தின் உள்ளே வைக்கும் ஆசை மட்டும் வேண்டாம். 10 மீட்டர் ஆழத்தில் 5 செ.மீ. குழாய் ஒன்று பிய்த்துக்கொண்டால், விநாடிக்கு ஒரு குடம் வீதம் தண்ணீர் உள்ளே கொட்டும். அதனால் இப்போது நான் வரைந்திருக்கும் கலத்தில் பம்பும் குழாயும் வெளியே இருக்கின்றன; சுவரைத் துளைத்து உள்ளே வருவது மின்கம்பி மட்டுமே.