பலகையின் பின்புறம்

நேயர்களுக்கு வணக்கம். எண்ணெய் ஓவியம் தீட்டக் கற்பவர்கள் வண்ணத்தைப் பற்றியும் தூரிகையைப் பற்றியும் நிறையக் கேட்கிறார்கள்; அவற்றைத் தாங்கும் தளத்தைப் பற்றிக் கேட்பவர் மிகச் சிலரே. இன்று அதைப் பற்றியே பேச விழைகிறேன்.

ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது, ஆண்டுகள் செல்லச் செல்ல நெகிழ்வையும் இழக்கிறது. அடியிலுள்ள கித்தான் ஈரப்பதத்துக்கேற்பத் தளர்ந்தும் இழுபட்டும் அசைந்துகொண்டிருந்தால், இறுகிப்போன வண்ணப்படலம் வெடிக்காமல் என்ன செய்யும்? விறைப்பான பலகையை நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆனால் மரமும் அசையும். பாரிசின் லூவர் அருங்காட்சியகத்திலுள்ள மோனா லிசா, ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரே பாப்லார் பலகையில் தீட்டப்பட்டது. அப்பலகை முன்புறம் புடைத்து வளைந்திருக்கிறது. மேல்விளிம்பிலிருந்து இறங்கும் ஒரு விரிசலும் அதில் உண்டு. முன்புறம் பூச்சால் மூடப்பட்டுப் பின்புறம் வெறும் மரமாக நிற்கும் எந்தப் பலகையும், ஈரத்தை ஒரு பக்கமாகவே வாங்கியும் விட்டும் வருவதால், வளையவே முனையும். ஆகவே முன்புறத்துக்குப் பூசுவதைப் பின்புறத்துக்கும் பூசுங்கள். வெளியே தெரியாத இடத்தில் உழைப்பானேன் என்று பலர் இதை விட்டுவிடுவது எனக்குப் பெரிதும் வருத்தம் தருகிறது.

இன்று நமக்கு எளிதில் கிடைப்பவை பிளைவுட், மரநாரை அழுத்திச் செய்யும் பலகைகளான ஹார்ட்போர்டு, எம்டிஎஃப் ஆகியவை. பிளைவுட்டின் மேற்படலத்தில் காலப்போக்கில் மயிரிழை விரிசல்கள் தோன்றுவதுண்டு. அதன்மீது மெல்லிய துணியை ஒட்டிக்கொள்வது நல்லது. பலகைப் படம் என்றே வழங்கிய தஞ்சாவூர் ஓவியத்திலும் மரத்தின்மேல் துணி ஒட்டிய பிறகே சுண்ணப்பூச்சு ஏறுகிறது. அது எண்ணெய் ஓவியம் அன்று எனினும், பலகையை அறிந்தவர்களின் வழக்கம் அது. எம்டிஎஃப் சீராகவும் வழவழப்பாகவும் இருக்கும்; ஆயினும் அதன் வெட்டு விளிம்புகள் தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும் என்பதால், முதலில் விளிம்புகளையே அடைக்க வேண்டும். இரண்டடிக்கு மேற்பட்ட மெல்லிய பலகைக்குப் பின்னால் மரச்சட்டம் ஒட்டுவது அவசியம்.

மேற்பரப்பை உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைத்தபின், மரத்தின் கறை மேலேறாதபடி அடைப்புப்பூச்சு ஒன்று கொடுத்து, வண்ணத்துக்கு அடித்தளமாகும் வெள்ளைப் பூச்சான அக்ரிலிக் ஜெஸ்ஸோவை மூன்று நான்கு முறை மெல்லியதாகப் பூசுங்கள். ஒருமுறை நெடுக்காக, அடுத்தமுறை குறுக்காக. சுவருக்கு அடிக்கும் டிஸ்டெம்பரோ பளபளக்கும் எனாமலோ இதற்கு ஈடாகாது. கண்ணாடிபோல் தேய்த்துவிடவும் வேண்டாம், எண்ணெய் வண்ணம் பற்றிக்கொள்ளச் சிறிது சொரசொரப்பு இருந்தே ஆகவேண்டும். கடைசிப் பூச்சுக்குப் பின் குறைந்தது மூன்று நாள் உலரவிட்டு, அதன் பிறகே வண்ணத்தைத் தொடுங்கள். வணக்கம்.