அயல் நீதிமன்றத்துக்குத் தடையும் நம் சட்டத்தில் உள்ள இடைவெளியும்

அவையோருக்கும், மதுரை உயர் நீதிமன்றக் கிளையிலிருந்து வந்திருக்கும் வழக்கறிஞர்களுக்கும், சட்டக் கல்லூரி மாணவர்களுக்கும் என் வணக்கம்.

ரோம் உடன்படிக்கை 2002 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்து, இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்ற கொடுங்குற்றங்களை விசாரிக்கும் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் உயிர்பெற்றது. அடுத்த மாதமே, ஆகஸ்ட் 2 அன்று, அமெரிக்கப் படையினர் பாதுகாப்புச் சட்டத்தில் அதிபர் புஷ் கையெழுத்திட்டார். அந்த நீதிமன்றத்தின் அலுவலர் எவரும் அமெரிக்க மண்ணில் புலனாய்வு செய்யக் கூடாது, அமெரிக்க நீதிமன்றங்களும் மாநில அரசுகளும் அதற்கு ஒத்துழைக்கக் கூடாது, அதன் காவலில் அமெரிக்கர் இருந்தால் அவரை மீட்கத் தேவையான எல்லா வழிகளையும் அதிபர் கையாளலாம் என்கிறது அச்சட்டம். நீதிமன்றம் நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருப்பதால், எதிர்ப்பாளர்கள் இதை ‘ஹேக் படையெடுப்புச் சட்டம்’ என்றே அழைத்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நூரம்பெர்க்கில் நாஜித் தலைவர்களுக்கு எதிராக வழக்காட ராபர்ட் ஜாக்சன் என்ற தன் உச்ச நீதிமன்ற நீதிபதியையே அனுப்பிய நாடு இப்படி ஒரு சட்டம் இயற்றியதை எண்ணினால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

தான் ஏற்காத உடன்படிக்கை தன்னைக் கட்டுப்படுத்தாது என்று ஒரு நாடு சொல்வதை நான் எளிதில் தள்ளிவிடமாட்டேன், இறையாண்மை மதிக்கத்தக்கது. ஆனால் அதே சட்டத்தில், சதாம் உசேன், செர்பியத் தலைவர் மிலோசெவிச், பின் லேடன் போன்ற வெளிநாட்டவரை நீதியின் முன் நிறுத்தும் பன்னாட்டு முயற்சிகளுக்கு உதவத் தடையில்லை என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. உக்ரைன் தொடர்பாக வெளிநாட்டவர் மீது நடக்கும் விசாரணைகளுக்கு உதவலாம் என்பதை 2022 டிசம்பரில் அதில் வெளிப்படையாகச் சேர்த்தார்கள். ஆக, குற்றம் சாட்டப்படுபவர் யார் என்பதைப் பொறுத்தே அங்கே கதவு திறக்கிறது, அல்லது அடைபடுகிறது.

அமெரிக்காவை மட்டும் பேசிவிட்டுப் போவது நேர்மையாகாது. 1998இல் ரோமில் இந்த உடன்படிக்கையை 120 நாடுகள் ஆதரித்து, 7 நாடுகள் எதிர்த்தபோது, வாக்களிக்காமல் விலகிய 21 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2002 டிசம்பரில், ஒருவர் குடிமக்களை மற்றவர் அந்த நீதிமன்றத்திடம் ஒப்படைப்பதில்லை என்று அமெரிக்காவுடன் நாம் ஒப்பந்தமும் செய்துகொண்டோம். நம் நீதிமன்றங்களே போதும் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். நாட்டின் நீதிமன்றம் உண்மையாகவே விசாரிக்குமானால் ஹேக் தலையிடாது என்பது ரோம் உடன்படிக்கையின் அடிப்படை விதியும்கூட. அப்படியானால் அவ்வாறு விசாரிப்பதற்கான சட்டம் நம்மிடம் இருக்க வேண்டாமா? இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை 1959இல் ஏற்ற நம் நாட்டில், இனப்படுகொலையும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களும் குற்றவியல் சட்டத்தில் இடம்பெறவில்லை என்று, 1984 சீக்கியர் படுகொலை வழக்கில் 2018இல் தில்லி உயர் நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே எழுதியது. அதற்குப் பின், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவை இல்லை.

இந்த மதுரையில் ஆனையூர் முகாமில் வாழும் ஈழத்தமிழர் பலருக்கு இது ஏட்டுச் செய்தி அன்று. இலங்கையும் ரோம் உடன்படிக்கையில் சேராத நாடு, அங்கு உள்நாட்டுப் போரில் நடந்த மீறல்களை விசாரிக்க 2014இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் அமைத்த புலனாய்வுக் குழுவை அந்த அரசு தன் மண்ணில் நுழையவே விடவில்லை. வெளியார் வரக் கூடாது என்று தடுத்த அரசு உள்நாட்டிலும் விசாரிக்காதபோது, பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எந்த மன்றத்தில் போய் முறையிடுவாள்?

ஆகவே, ரோம் உடன்படிக்கையின் 6, 7ஆம் பிரிவுகளில் உள்ள வரையறைகளை அடியொற்றி, இவ்விரு குற்றங்களையும் நம் சட்டத்தில் சேர்ப்பதற்கான திருத்த வரைவு ஒன்றை இங்குள்ள இளம் வழக்கறிஞர்கள் எழுதி, நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வழியாக அவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவரச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.