புள்ளி வைத்த எழுத்துகள்

நேயர்களுக்கு வணக்கம்.

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போடும் வீடுகளில் ஒரு பேச்சு வரும்: "அப்பாவுக்கு பிஎஸ்ஏ 80-லிருந்து 1-க்கு வந்துடுச்சு, சரியாயிடுச்சு." நல்ல செய்திதான். ஆனால் இறங்கியது எது?

பிஎஸ்ஏ என்பது புராஸ்டேட் செல்கள் செய்யும் ஒரு புரதம்; ரத்தத்தில் அளப்பார்கள். அதைச் செய்யச் சொல்வது கேஎல்கே3 என்ற ஜீன். அந்த ஜீனை எழுப்புவது ஆண் ஹார்மோன். செல்லுக்குள் காத்திருக்கும் ஏற்பியில், அதாவது ஹார்மோனைப் பிடிக்கும் புரதத்தில், ஹார்மோன் ஒட்டியதும், ஏற்பி உட்கருவுக்குள் போய் டிஎன்ஏவில் உட்காரும். பல ஜீன்கள் ஒன்றாக வாயைத் திறக்கும். ஊசி ஹார்மோனை நிறுத்துகிறது. சில செல்கள் சாகின்றன. சில செல்கள் சாகாமல் வாயை மட்டும் மூடிக்கொள்கின்றன. எண் இரண்டாலும் இறங்கும்.

புற்றுநோய் இல்லாத சாதாரண புராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டெரைடு மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். ஆறு மாதத்தில் பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாகும். ரிப்போர்ட்டில் 2.5 என்றால் 5 என்று வாசிக்க வேண்டும். மாத்திரை எடுப்பதை டாக்டரிடம் சொல்லாமல் இருந்தால் எல்லாரும் ஏமாறுவோம்.

ஜீன் எப்படி வாய் மூடுகிறது? தமிழ் படித்தவர்களுக்கு இது எளிது. 'க' மேல் ஒரு புள்ளி வையுங்கள்: 'க்'. எழுத்து அதேதான், உயிர் போய்விட்டது. டிஎன்ஏவில் சைட்டோசின் என்ற எழுத்தின் மேல் மீத்தைல் என்று ஒரு சின்னப் புள்ளி விழும். ஜீனின் தொடக்கத்தில் புள்ளிகள் குவிந்தால் அது பேசாது. செல்லை நச்சிலிருந்து காக்கும் ஜிஎஸ்டிபி1 ஜீனை, புராஸ்டேட் புற்றுநோய்களில் 10-க்கு 9-ல் இந்தப் புள்ளிகள்தான் அடைத்துவைத்திருக்கின்றன.

பழைய ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும். மெய்யா உயிர்மெய்யா என்று வாசிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். உ.வே.சாமிநாதையர் அந்தச் சுவடிகளோடுதான் மல்லுக்கட்டினார்; பெசன்ட் நகரில் அவர் பெயரிலுள்ள நூல்நிலையத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். வழக்கமான ஜீன் பரிசோதனையும் அந்த ஓலைச்சுவடி மாதிரிதான்: எழுத்தைக் காட்டும், புள்ளியைக் காட்டாது. புள்ளியைப் பார்க்க டிஎன்ஏவை பைசல்ஃபைட் கரைசலில் வைப்பார்கள். புள்ளியில்லாத சைட்டோசின் மாறிப்போய் தைமின் என்ற வேறு எழுத்தாக வாசிக்கப்படும். புள்ளி உள்ளது அசையாது. சிக்கல் என்னவென்றால், கரைசல் டிஎன்ஏவையும் துண்டாக்கும். பயாப்சி சதையைப் பதப்படுத்தி வைக்கும் மெழுகில் இருப்பது ஏற்கெனவே நைந்த டிஎன்ஏ. சதை கொஞ்சமாக இருந்தால் முடிவே வராமல் போவதுண்டு.

ஹார்மோன் இல்லாமல் வாழப் பழகும் செல், இந்தப் புள்ளிகளையும் டிஎன்ஏ நூல் போலச் சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளின் குறிகளையும் மாற்றி எழுதும். சில செல்கள், குறிப்பாக ஆர்பி1, டிபி53 என்ற புற்றுநோயைத் தடுக்கும் ஜீன்களை இழந்தவை, தான் புராஸ்டேட் செல் என்பதையே மறைத்து நரம்புச் செல் போல மாறும். அங்கே கேஎல்கே3 பேசாது. பிஎஸ்ஏ படுத்துக் கிடக்கும், கட்டி கல்லீரலில் வளரும். மறுபடியும் சொல்கிறேன்: எண் அசையாமல் இருந்தும் உடம்பு இளைத்தால், வலி கூடினால், ஸ்கேன் கேளுங்கள்.

இன்னொரு தந்திரம், ஏற்பியே மாறுவது. இங்கே எழுத்தே பிழையாகிறது. ஹார்மோன் ஏற்பியில் ஒட்டாமல் தடுக்க வந்த பைகலுடமைடு மாத்திரையையே சாவியாக எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவருக்கு மாத்திரையை நிறுத்தினால் பிஎஸ்ஏ இறங்கும்! நீங்களாக நிறுத்திப் பார்க்காதீர்கள். டாக்டர் நிறுத்தச் சொன்னால் பயப்படவும் வேண்டாம்.

ஹார்மோனை நிறுத்தும் ஊசிகளில் ஒன்றான லியூப்ரோலைட் போட்ட முதல் வாரத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறையாது, ஏறும். மூன்று நான்கு வாரத்தில்தான் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே வரும். முதுகெலும்பில் நோய் பரவியவருக்கு அந்த ஏற்றம் ஆபத்து. அதனால்தான் முன்கூட்டியே 50 மில்லிகிராம் பைகலுடமைடு தருவார்கள். கால் மரத்தாலோ சிறுநீர் அடைத்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இந்த ஊசியால் எலும்பு மெலியும்; அதைப் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன். ஊசி தொடங்கும்போதே எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனும் வைட்டமின் டி அளவும் எடுத்துவையுங்கள். சர்க்கரையும் ஏறலாம், ஊசிக்குப் போகும் அன்றே அதையும் பார்த்துவிடுங்கள். வணக்கம்.