மோட்டார் தேடட்டுமா, நாமே தேடலாமா?

[காட்சி: இருட்டில் ஒரு டெலஸ்கோப். கன்ட்ரோலரின் சிவப்புத் திரை மட்டும் ஒளிர்கிறது.]

கம்ப்யூட்டர் டெலஸ்கோப் என்றால் பட்டனை அழுத்தியதும் மோட்டார் குழாயைத் திருப்பி, சனிக்கிரகம் வந்து நிற்கும் என்றுதான் நினைப்போம். வரும். ஆனால் அதற்கு முன் அது நம்மைக் கேள்வி கேட்கும்: தேதி என்ன, மணி என்ன, எந்த ஊர்? பல கன்ட்ரோலர்களில் மாதத்தைத்தான் முதலில் போட வேண்டும். மார்ச் 5 என்பதைப் பழக்கதோஷத்தில் 05, 03 என்று தட்டினால், அது மே 3 என்று எடுத்துக்கொள்ளும். முதல் நட்சத்திரத்துக்கே குழாய் ஏறக்குறைய 60 டிகிரி தள்ளிப் போய் நிற்கும். ஓர் இரவு முழுக்க எனக்கு இப்படிப் போயிருக்கிறது.

அப்புறம் அலைன்மென்ட், அதாவது தெரிந்த நட்சத்திரங்களைக் காட்டி அதற்கு வானத்தின் திசையைப் புரியவைப்பது. ரோகிணியை நடுவில் வை என்று கேட்கும். அதேபோலச் சிவந்திருக்கும் திருவாதிரையை வைத்து ஓகே கொடுத்தால், பிறகு எதைக் கேட்டாலும் வெற்று வானம்தான். ஆக, நாலு நட்சத்திரமாவது தெரியாமல் இதை ஓட்டுவது கஷ்டம்.

[காட்சி: டாப்சோனியனைக் கையால் திருப்புகிறார் ஒருவர்.]

இது டாப்சோனியன். பெரிய குழாய், கீழே சுழலும் ஒரு பெட்டி, அவ்வளவுதான். மோட்டாருக்குப் போகிற காசு இதில் கண்ணாடிக்குப் போகிறது. 200 மி.மீ. கண்ணாடி, 130 மி.மீ. கண்ணாடியைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஒளி சேர்க்கும். எம் 13 நட்சத்திரக் கொத்து சின்னதில் பஞ்சுத் துணுக்கு. பெரியதில், நல்ல இருட்டில், ஓரமெல்லாம் பொடிப்பொடியாக நட்சத்திரம் உதிரும்.

ஒரு தொல்லை உண்டு. 200 மடங்கு பெரிதாக்கினால் ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) தெரிவது கால் டிகிரி வானம்தான். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. சனி ஒரே நிமிடத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடிவிடும். "வா, வந்து பார்" என்று கூப்பிட்டு, அவர் குனிவதற்குள் காணோம். மோட்டார் இருந்தால் பத்துப் பேர் வரிசையில் நின்றாலும் சனி அங்கேயே இருக்கும்.

[காட்சி: நகரத்து மொட்டைமாடி.]

விளக்கு வெளிச்சம் உள்ள ஊரில்தான் கம்ப்யூட்டருக்கு உண்மையான மதிப்பு. இருண்ட வானில் மிராக் நட்சத்திரத்திலிருந்து இரண்டு மங்கல் நட்சத்திரங்கள் தாவினால் ஆண்ட்ரோமீடா கேலக்ஸி. நகரத்தில் அந்த இரண்டும் கண்ணுக்கே தெரியாது. எதைப் பிடித்துத் தாவுவது?

நீண்ட எக்ஸ்போஷரில் படம் எடுக்கவா? சரி, அதற்கு மோட்டார் கட்டாயம், அதுவும் ஈக்வடோரியல் மவுண்ட், அதாவது பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைத்துச் சுழலும் தாங்கி.

படமெல்லாம் வேண்டாம், டெலஸ்கோப்பில் கண் வைத்துப் பார்க்கத்தான் என்றால், இருண்ட இடத்துக்குப் போக வழியுள்ளவருக்கு நான் டாப்சோனியனைத்தான் சொல்வேன். மொட்டைமாடியை விட்டு நகர முடியாதவர், கண்ணாடி கொஞ்சம் சின்னதானாலும் மோட்டார் வைத்ததை வாங்கலாம். தேதியைப் போடும்போது மட்டும் மாதம் முதலில்.