பொங்கல் மாலையும் பத்துக்குப் பத்து அறையும்

(தண்டையார்பேட்டையில் ஒரு படிப்பகத்தில், போகிக்கு முந்தின ஞாயிறு மாலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கிற தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். பொங்கலன்று சின்ன வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து டி.வி. பார்ப்பது எப்படி என்பதுதான் இன்றைக்குப் பேச்சு.

கேபிள்காரருடைய போன் மூச்சு விடாமல் அடிக்கிற நேரம் ஒன்று உண்டு. பொங்கலன்று காலை, சாலமன் பாப்பையா நம்மைப் பழக்கிவைத்த பட்டிமன்ற நேரம். பானை பொங்கிவிட்டது, எல்லோரும் குளித்துப் புதுத்துணி கட்டி உட்கார்ந்தாகிவிட்டது, திரையில் மட்டும் ‘நோ சிக்னல்’ என்று ஓடிக்கொண்டிருக்கிறது. திட்டு முழுக்கக் கேபிள்காரருக்கு. ஆனால் தப்பு பெரும்பாலும் முந்தின நாள் நம் வீட்டிலேயே நடந்திருக்கும். போகியன்று ஒட்டடை அடிக்க, வெள்ளையடிக்க டி.வி.யை இழுத்தோம். கூடவே ஒயரும் இழுபட்டது.

அந்த ஒயரின் முனையைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செட்-டாப் பாக்ஸில் திருகுகிற கனெக்டர் அது. நடுவில் ஒரே ஒரு செம்புக் கம்பி, கனெக்டரின் விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது உள்ளே போய்விட்டால் தொடர்பே இல்லை. கம்பியைச் சுற்றி வெள்ளை உறை, அதற்கு வெளியே தலைமுடி மாதிரி வலைக்கம்பி. அந்த வலையில் ஒரே ஒரு இழை பிரிந்து நடுக்கம்பியைத் தொட்டால் போதும், ஷார்ட். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் என்றால் இன்னொரு வியாதியும் சேர்ந்துகொள்ளும். உப்புக்காற்றில் கம்பி பச்சை பிடித்திருக்கும். அரை அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டினால் சரியாகிவிடும். ஒயரை இழுத்துக் கட்டாதீர்கள். டி.வி.க்குப் பின்னால் ஒரு முழம் சுருளாக விட்டுவைத்தால் அடுத்த போகிக்கும் தாங்கும்.

எந்தப் பக்கம் கோளாறு என்று தெரிந்துகொள்ளச் சுலபமான வழி இருக்கிறது. ரிமோட்டில் செட்-டாப் பாக்ஸின் மெனுவைத் தட்டுங்கள். மெனு வருகிறதென்றால் டி.வி.க்கும் பாக்ஸுக்கும் நடுவே எல்லாம் சரி. பழுது வெளியே இருந்து வருகிற ஒயரில் இருக்கிறது, இல்லையென்றால் சந்தா தீர்ந்திருக்கிறது. மெனுவே வரவில்லையா? முதலில் பாக்ஸில் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிகிறதென்றால் எச்.டி.எம்.ஐ. ஒயர் இடம் மாறியிருக்கும். ஒன்றாம் துளையில் இருந்ததை வெள்ளையடித்த அவசரத்தில் இரண்டில் சொருகியிருப்போம். கழற்றுவதற்கு முன்னால் பின்பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் இந்த வம்பே இல்லை.

சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு ஆரம்பித்தது 1975 ஆகஸ்ட் 15. அப்போது தெருவுக்கு ஒரு பெட்டி. அப்புறம் ராத்திரிக்கு வாடகை பேசி வீடியோ டெக்கு எடுத்த காலம் வந்தது. 2006 இல் அரசு 14 அங்குலக் கலர் டி.வி.யை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. இன்றைக்கு 43, 55 என்று வாங்குகிறோம். பெட்டி வளர்ந்தது, அறை வளரவில்லை. கொருக்குப்பேட்டையிலும் புளியந்தோப்பிலும் கூடம் அதே பத்துக்குப் பத்துதான். அதனால் கடையில் பெட்டியை விசாரிப்பதற்கு முன்னால் நம் அறையை விசாரிக்க வேண்டும். அங்கே யார் எங்கே உட்காருவார்கள்? கடைசியில் உட்காருகிற ஆயாவுக்குக் கேட்குமா? அடுப்படியில் நிற்கிறவருக்குத் தெரியுமா? மற்றதெல்லாம் அப்புறம்.

தூரக் கணக்கு ஒன்று சொல்கிறேன். எச்.டி. படத்துக்குத் திரையின் மூலைவிட்ட அளவைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி உட்காரலாம். 43 அங்குலத்துக்கு அது ஏறக்குறைய ஐந்தரை அடி. முன்னால் பாய், பின்னால் எட்டு அடியில் நாற்காலி என்று பத்தடி அறைக்குள் எல்லோரும் அடங்கிவிடுவார்கள். 55 அங்குலத்துக்கு ஏழு அடி வேண்டும். பிள்ளைகளின் பாயே ஏழு அடிக்குப் போனால் ஆயாவின் நாற்காலி எங்கே போகும்? வாசப்படிக்குத்தான். சாதாரண கேபிள் சேனல் என்றால் படத்தின் உயரம் 576 கோடுதான், எச்.டி.க்கு 1080. சின்னப் படத்தைப் பெரிய திரையில் இழுத்துக் காட்டும்போது முகமெல்லாம் சதுரம் சதுரமாக உதிர்வது பெட்டியின் கோளாறு இல்லை. இன்னும் தள்ளி உட்கார்ந்தால் குறையும்.

உயரத்தில்தான் நம் ஆட்கள் மோசம். பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது என்று ஆறடி உயரத்தில் மாட்டிவிடுகிறோம். பாயில் உட்கார்ந்தால் கண் இருக்கும் உயரம் இரண்டரை அடி. பிளாஸ்டிக் நாற்காலியில் என்றால் மூன்றே முக்கால் அடி. திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து மூன்றேகால் அடியில் இருந்தால் இரண்டு பேருக்கும் பொது. 43 அங்குலப் பெட்டி என்றால் அடிவிளிம்பு கிட்டத்தட்ட இரண்டரை அடியில் வரும். கீழே பீரோ இருக்கிறது, வேறு வழியில்லை, மேலேதான் மாட்டியாக வேண்டும் என்றால் சாயக்கூடிய பிராக்கெட் வாங்கிப் பத்துப் பதினைந்து டிகிரி கீழே சாய்த்து வையுங்கள். மூன்று மணி நேரப் படத்துக்கு அண்ணாந்து பார்த்த கழுத்து மறுநாள் மாட்டுப் பொங்கலன்று திரும்பாது.

எந்தச் சுவரில் மாட்டுவது? அடுப்படி வாசலில் நின்றால் தெரிகிற சுவரில். எல்லா வீட்டிலும் காதாலேயே படம் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று கவனியுங்கள். சில திரைகள் நேராகப் பார்த்தால் கருகருவென்று இருக்கும், பக்கவாட்டில் போனால் வெளுத்துவிடும். கடையில் நேராக நின்று பார்க்காமல் ஓரமாகப் போய் நின்று பாருங்கள். உங்கள் அடுப்படி அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

படத்தின் வடிவத்துக்கு வருவோம். விடுமுறை மதியங்களில் பழைய படம் போடுவார்கள். தமிழில் சினிமாஸ்கோப் வந்தது 1973 இல். அதற்கு முந்தைய படங்கள் ஏறக்குறைய சதுரம். அதை அகலத் திரை முழுக்க இழுத்துவிட்டால் எம்.ஜி.ஆர். குள்ளமாகிவிடுவார், சரோஜாதேவி இரண்டு சுற்றுப் பெருத்துவிடுவார். டி.வி. அமைப்பில் பட அளவை 4:3 என்று மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வந்துவிட்டுப் போகட்டும். புதுப்படம் சீரியல் மாதிரி வழவழவென்று ஓடுகிறதா? சினிமா நொடிக்கு 24 படம். நடுநடுவே பெட்டி தானாகப் படம் செய்து சொருகுகிறது. மோஷன் என்று தொடங்குகிற அமைப்பை அணைத்துவிட்டால் நின்றுவிடும்.

இனி சத்தம். பாதி வீட்டில் சண்டை இதனால்தான். பாட்டும் அடிதடியும் காதைக் கிழிக்கும், வசனம் வந்தால் ‘என்னம்மா சொன்னான்?’ காரணம் இருக்கிறது. படத்தின் ஒலி ஆறு தடமாக வருகிறது, வசனத்துக்கென்று நடுத்தடம் ஒன்று தனியாக உண்டு. நம் பெட்டியில் இருப்பதோ இரண்டு சின்ன ஸ்பீக்கர். ஆறையும் இரண்டில் அடைக்கும்போது வசனம் இசைக்குள் மூழ்கிவிடுகிறது. செட்-டாப் பாக்ஸின் ஆடியோ அமைப்பில் டால்பியை எடுத்துவிட்டு ஸ்டீரியோ அல்லது பி.சி.எம். வைத்துப் பாருங்கள். டி.வி.யில் ‘கிளியர் வாய்ஸ்’ இருந்தால் போடுங்கள். அடிச்சத்தமான பேஸைக் குறையுங்கள், மேல்தட்டுச் சத்தமான டிரெபிளைக் கொஞ்சம் ஏற்றுங்கள். வயதானால் காதை விட்டு முதலில் போவது மேல்தட்டுச் சத்தம். க, ச, த, ப எல்லாம் தேய்ந்து வெறும் உயிரெழுத்துதான் விழும். வால்யூமை ஏற்ற ஏற்ற ஆயாவுக்கு இரைச்சல்தான் கூடும்.

இன்னொரு விஷயம் சொன்னால் தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. டி.வி.க்கு அடியில் பூவேலை போட்ட துணி விரித்திருக்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள். மெல்லிசான டி.வி.க்குப் பல மாடல்களில் ஸ்பீக்கர் கீழ்நோக்கி இருக்கிறது. மேஜைப் பலகையில் பட்டுத் திரும்ப வேண்டிய சத்தத்தை அந்தத் துணி குடித்துவிடுகிறது. தை மாதக் குளிரில் ஃபேனை இரண்டில் வைத்தால் போதும், அதில் ஒரு இரைச்சல் குறையும்.

நேரக் கணக்கு. விளம்பரத்துக்கு விதி, மணிக்கு 12 நிமிடம். அதாவது மணிக்கு 48 நிமிடம்தான் படம். இரண்டரை மணி நேரப் படம் 6.30க்கு ஆரம்பித்தால், விதிப்படி நடந்தாலே 9.37 ஆகிவிடும். ஒரு விளம்பர இடைவேளையில் ஒரு கல்லில் மூன்று தோசைக்கு மேல் வராது. எட்டுப் பேர் வீட்டில் தோசை என்று முடிவு செய்தால் சுடுகிறவருக்குப் படம் போயே போய்விட்டது. அன்றைக்கு ராத்திரி அடுப்பு வேண்டாம். புளிசாதம் கிளறி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் நம் ஊர் பர்மா நூடுல்ஸான அத்தோ இருக்கவே இருக்கிறது. நூடுல்ஸை வேகவைத்து ஆறவிட்டு, வெங்காயம், முட்டைக்கோஸ், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ என்கிற மொறுமொறு வறுவல் எல்லாம் ஆறுமணிக்கே தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்தால் அவரவர் தட்டில் அவரவர் கலந்துகொள்ளலாம்.

அந்த எண்ணெய்க் கையோடு ரிமோட்டைத் தொடுவீர்கள், தெரியும். பாலித்தீன் உறை போடுகிற நம் வழக்கத்தைக் கேலி செய்கிறார்கள், சரியான வழக்கம் அது. எண்ணெய் உள்ளே இறங்கினால் ரப்பர் பொத்தானுக்கு அடியில் இருக்கிற கரிப்பூச்சு தொடுவதில்லை. ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் போனின் செல்ஃபி கேமரா முன்னால் பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். முனையில் ஊதா வெளிச்சம் மின்னினால் ரிமோட் உயிரோடு இருக்கிறது. மின்னவில்லையென்றால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்வெர்ட்டரில் டி.வி.யை மட்டும் கொடுத்துப் பாக்ஸை வேறு பிளக்கில் வைக்கிற வீடு அதிகம். ஒரு நொடி கரண்ட் போனாலும் பாக்ஸ் அணைந்து திரும்ப எழ சில நிமிடம் எடுக்கும். கிளைமாக்ஸ் போச்சு. பாக்ஸும் வைஃபை ரௌட்டரும் அதே இன்வெர்ட்டர் பாயிண்டில் இருக்கட்டும். 150 ஏ.எச். பேட்டரி இரண்டு ஃபேன், ஒரு 43 அங்குல டி.வி., பாக்ஸ் இவ்வளவையும் நல்ல நிலையில் நாலு மணி நேரம் இழுக்கும். ஸ்டெபிலைசர் குழல் டி.வி. காலத்துப் பழக்கம். இப்போதைய பெட்டிக்குப் பின்னால் எத்தனை வோல்ட் தாங்கும் என்று அச்சடித்திருக்கிறது, படித்துப் பாருங்கள். பயப்பட வேண்டியது போன கரண்ட் திரும்பி வருகிற அந்த நொடிக்குத்தான். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்து இரண்டு நிமிடம் கழித்துப் போடுங்கள்.

டி.டி.எச்., அதாவது கேபிளுக்குப் பதில் மாடியில் டிஷ் வைத்திருக்கிற வீடுகளுக்கு ஒரு சொல். அந்த டிஷ் தட்டில் ஈரத்துணி காயப்போடாதீர்கள். தட்டு ஒரு விரற்கடை நகர்ந்தாலும் சிக்னல் போய்விடும். தீபாவளி மழையில் படம் உறைந்து நிற்பது வேறு. அந்த அலைவரிசையைக் கனத்த மழை விழுங்கிவிடும், மழை விட்டால் தானே வந்துவிடும். அதற்காக ஏணி போட்டு மேலே ஏறாதீர்கள்.

ஆப்பில் படம் பார்க்கிறவர்கள் காலையிலேயே ஆப்பைத் திறந்து, அப்டேட் முடித்து, பாஸ்வேர்டு போட்டு, ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். ஏழு மணிக்கு ஓ.டி.பி. வருகிற போன் பெரம்பூரில் மச்சான் கையில் இருக்கும்.

ஒரு துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. ‘சுவருக்கு வெள்ளையடிக்கும்போது டி.வி.யை எங்கே வைப்பது?’ என்று கேட்கிறார்கள். கட்டிலில் திரை கீழே இருக்கும்படி கவிழ்க்காதீர்கள், படுக்கவும் வைக்காதீர்கள். பெரிய திரைக்கு அதன் சொந்த எடையே விரிசல் விட வைக்கும். இரண்டு பேர் இடதும் வலதுமாக விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், கண்ணாடியில் விரல் அழுத்த வேண்டாம். சூடு ஆறின பிறகு பழைய போர்வை சுற்றி, நிமிர்த்தி, திரை சுவரைப் பார்க்க, அடுத்த அறையில் சாய்த்து வையுங்கள். அப்படியும் சுண்ணாம்பு தெறித்துவிட்டால் நியூஸ்பேப்பரால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். மெல்லிய பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒற்றி எடுங்கள்.