கரடிக்காகக் கலங்கியவன்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எக்ஸ்-மென் என்ற ஆங்கிலத் திரைப்பட வரிசையின் வீரன் வுல்வரின், இயற்பெயர் லோகன்; அவன் தனி நாயகனாக வந்த முதல் படத்தில் சறுக்கியவனை இரண்டாம் படம் தூக்கி நிறுத்தியது என்பதே எங்கள் அணியின் கட்சி.

2009-இல் கேவின் ஹுட் இயக்கிய முதல் படத்தின் குறைகளை நீட்டி முழக்க விரும்பவில்லை. குளியலறைக் கண்ணாடியின் முன் நின்று லோகன் தன் உலோக நகங்களை நீட்டிப் பார்க்கும் காட்சி ஒன்றே போதும். அவை கையிலிருந்து முளைத்தவையாகத் தெரியாமல், கணினியில் வரைந்து ஒட்டியவையாகவே தெரிந்தன. சித்திரக்கதைகளில் வாயாடி என்று பெயரெடுத்த டெட்பூல் என்ற பாத்திரத்தின் வாயைத் தைத்து அனுப்பியதும் அதே படந்தான். 2013-இல் ஜேம்ஸ் மேன்கோல்ட், கிறிஸ் கிளேர்மான்ட்டும் ஃபிராங்க் மில்லரும் 1982-இல் படைத்த ஜப்பானியச் சித்திரக்கதையை அடித்தளமாகக் கொண்டு இரண்டாம் படத்தை எடுத்தார். நடித்தவர் அதே ஹியூ ஜாக்மன்தான். திரையில் வந்தவனோ வேறொரு மனிதன்.

எதிரணி நண்பர் இங்கேதான் ஒரு கணை தொடுத்தார். "முதல் படத்தில் ஹெலிகாப்டரையே வீழ்த்தியவன், இரண்டாம் படத்தில் ஒரு கரடிக்காகக் கலங்குகிறான், இது வளர்ச்சியா, தேய்வா?" என்று அவர் கேட்டதும் அரங்கம் அதிரக் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலைத் திரும்பப் பெறாமல் நான் அமரப் போவதில்லை.

கரடியைப் பற்றியே பேசுவோம். கனடாவின் யூகான் காட்டில், தாடியும் சடையுமாக, இனி எவரையும் காயப்படுத்துவதில்லை என்ற உறுதியோடு லோகன் தனித்து வாழ்கிறான். எதிரே ஒரு பெருங்கரடி வருகிறது. இவன் நகத்தை நீட்டவில்லை, அதுவும் பாயவில்லை. ஒரே தெருவில் குடியிருப்பவர்கள் வழியில் பார்த்துக்கொள்வதைப் போல இருவரும் பார்த்துக்கொண்டு விலகுகிறார்கள். அந்தப் பார்வையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு வேட்டைக்காரர்களின் கூடாரம் சிதைந்து கிடக்கிறது. அதே கரடி, உடம்பில் தைத்த அம்போடு, மூச்சு வாங்கிக்கொண்டு மரத்தடியில் கிடக்கிறது. அது நஞ்சு தோய்ந்த அம்பு. கரடி பிழைக்காது, உடனே சாகவும் செய்யாது. அப்போது அது நிமிர்ந்து லோகனைப் பார்க்கிறதே, பகலில் பார்த்த அதே பார்வை! ஹெலிகாப்டரை வீழ்த்தத் தயங்காத அந்தக் கை, இங்கே தயங்குகிறது. ஹெலிகாப்டர் விழுந்தபோது உங்களில் எவருக்காவது தொண்டை அடைத்ததா? எனக்கு அடைக்கவில்லை. தயங்கித் தயங்கி, அதன் வலி தீர நகத்தை இறக்குகிறானே, அந்த நொடியில் அடைத்தது. பிறகு அந்த அம்பைப் பிடுங்கிக்கொண்டு மதுக்கடைக்குப் போகிறான். தன் அம்பில் நஞ்சே இல்லை என்று சாதிக்கிற வேட்டைக்காரனின் கையிலேயே அதைக் குத்தி இறக்குகிறான். நஞ்சு இல்லையென்றால் அவன் அஞ்ச வேண்டியதில்லை அல்லவா? நண்பரே, தேய்ந்தவன் செய்கிற வேலையா இது?

படத்தின் கடைசிப் பகுதியில் வருகிற இரும்புச் சாமுராய்ச் சண்டை எனக்கும் உவப்பானதன்று, அதை மறைக்கவில்லை. ஆனால் காயம் தானாக ஆறிவிடுகிற வரத்தையே அவனிடமிருந்து பறித்து, குண்டடிபட்டு இரத்தம் வடிய அவனைத் தள்ளாட விட்டபோதுதான், அடுத்த காட்சியில் இவன் என்ன ஆவானோ என்று நாம் முதன்முறையாகப் பதறினோம்.

நடுவர் அவர்களே, இன்னும் ஒன்றே ஒன்று. அவன் கரடிக்காக மட்டுமா கலங்கினான்? அவன் குழுவில் ஒருவனாக நடமாடிய, 2006-இல் வந்த எக்ஸ்-மென் படத்தில், தன் ஆற்றலைத் தானே அடக்க முடியாமல் தவித்த ஜீன் கிரே, தன்னைக் கொன்றுவிடும்படி அவனிடம் கெஞ்சினாள். உயிருக்குயிராக நேசித்தவளை அவன் தன் கையாலேயே கொன்றான். அதற்குப் பிறகு ஒவ்வோர் இரவும் அவள் கனவில் வருகிறாள். அருகில் படுத்துக்கொண்டு அவனைத் தன்னிடம் அழைக்கிறாள். அந்தக் காட்டில், வலி பொறுக்காமல் இன்னோர் உயிர் அவனை நிமிர்ந்து பார்த்தபோது, அவன் கண்ணுக்குத் தெரிந்தது வெறும் கரடியாகவா இருந்திருக்கும்? கடைசிக் கனவில் ஜீன் தான் இங்கே தனியாக இருப்பதாகச் சொல்கிறாள். இம்முறை அவன் அவளோடு போகவில்லை. கண் விழிக்கிறான்; பக்கத்துப் படுக்கை வெறுமையாக இருக்கிறது.

நன்றி, வணக்கம்.